கைகாட்டி

மழையில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு முதலில் நனைவது தலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தலை அல்ல, பின்பக்கம். பின்சக்கரம் சாலைத் தண்ணீரை வாரி நேராக அங்கேதான் அடிக்கும். விலை கூடிய சைக்கிள்களில் மட்கார்டு இருப்பதில்லை, எடை கூடிவிடுமாம். அதனால் மழை வந்தால் எங்கள் சைக்கிள் கூட்டத்தில் பல் டாக்டரிலிருந்து டிரில் மாஸ்டர் வரை எல்லோருடைய முதுகுக்குக் கீழும் ஒரே மாதிரி சேற்றுக் கோடு. என்னுடையது பழைய இரும்புச் சைக்கிள். மட்கார்டு உண்டு, கேரியர் உண்டு, ஸ்டாண்டு உண்டு. "மாமா வண்டியில பெல்லைத் தவிர எல்லாம் சத்தம் போடும்" என்பார் டிரில் மாஸ்டர். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் தங்குமிடத்தில் காய்ந்த கால்சட்டையோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான் ஒருவன்தான்.

நீங்கள் கேட்டது இதுவல்ல, தெரியும். எனக்கு முதலிலிருந்து வந்தால்தான் சொல்ல வரும். மூட்டை அடுக்குகிறவன் நான். அடிமூட்டை கோணலாக விழுந்தால் மேலே போகப்போக அடுக்கே சரிந்துவிடும். அதனால் வரிசையாக வருகிறேன். நீங்களும் நிதானமாக எழுதுங்கள்.

சிமென்ட் கிடங்கில்தான் என் காலம் முழுக்கப் போயிற்று. அப்பா தூக்கினார், பிறகு நான் தூக்கினேன். விரல் இடுக்கை சிமென்ட் தின்றுவிடும். தோல் வெடித்திருக்கும்போது வியர்வை பட்டால் எரியும், சாப்பிட உட்கார்ந்தால் உப்பு பட்டு எரியும். கிடங்கில் எங்களுக்கு ஒரே எதிரி மழை. கூரையில் ஒரு ஓட்டை இருந்தால் போதும், காலையில் வந்து பார்த்தால் மூட்டை கல்லாகியிருக்கும். கல்லான மூட்டையை உடைக்கலாம், இடிக்கலாம், பழையபடி மாவாக்க மட்டும் முடியாது. என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதும் அவ்வளவுதான்.

என் ஒரே மகள் ஒரு வெல்டரைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. கண் எப்போதும் சிவந்தே இருக்கும். குடிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். குடி அல்ல, வேலை. நெருப்பைப் பார்த்துப் பார்த்துச் சிவந்த கண். ஒரு நாள் கிடங்கு ஷட்டர் பிய்ந்துபோனதற்கு அவனையே கூப்பிட வேண்டியதாயிற்று. நான் பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தேன். அவன் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சொன்னான்: "மாமா, கரண்டு செலவு எதுக்கு. நீங்க பாக்கிற பார்வையிலயே ரெண்டு தகட்டையும் ஒட்டிடலாம்."

கிடங்கில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதற்குப் பிறகு அவன் எனக்கு மாப்பிள்ளை மட்டுமல்ல. மனைவி போன பிறகு வீட்டில் என்னை எதிர்த்துப் பேச ஆளில்லாமல் இருந்தது. அவன் வந்து பேசினான். சாப்பாட்டு நேரத்தில் நானும் அவனும் சண்டை போடுவோம், மகள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் பரிமாறுவாள். அது நல்ல சத்தம். வீட்டுக்கு வேண்டிய சத்தம்.

அவனுக்குச் சொத்தைப் பல் ஒன்று இருந்தது. அதை அடைக்கப் போன இடத்தில்தான் டாக்டர் பழக்கமானார். வாசலில் நின்ற இவனுடைய சைக்கிளைப் பார்த்திருக்கிறார். அவனே குழாய் வெட்டி, அவனே ஒட்டிச் செய்த வண்டி அது. நீங்கள் எங்கள் கூட்டத்தில் இருக்க வேண்டிய ஆள் என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். டாக்டர் கெட்டவர் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. மென்மையான கை, மென்மையான குரல். வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே பிடுங்குகிற ஆள்.

இந்தக் கூட்டத்துக்கு வருடாவருடம் ஒரு நெடும்பயணம் உண்டு. மலையைச் சுற்றி அந்தப் பக்கத்துக் கடற்கரை வரை போவார்கள். அதில் ஒரு வழக்கம். அதைச் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்கு விளங்காது. முன்னால் வழி தெரிந்தவர் போவார், அது டிரில் மாஸ்டர். எல்லோருக்கும் பின்னால் ஒருவர் வருவார், அவருக்கு வால் என்று பெயர். நடுவில் இருப்பவர்கள் அவரவர் வேகத்தில் வரலாம். சாலை பிரிகிற இடம் வந்தால் டிரில் மாஸ்டருக்கு அடுத்தபடியாக வருகிறவர் அங்கேயே இறங்கி நிற்க வேண்டும். அந்த மூலைக்கு அவர்தான் கைகாட்டி. பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டுவார். வால் வந்து தாண்டும் வரை அவர் அசையக் கூடாது. வால் தாண்டிவிட்டால் எல்லோரும் போய்விட்டார்கள் என்று பொருள். கைகாட்டியும் கிளம்பலாம். வால் போட்டுக்கொள்வதற்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டை, கழுத்தில் ஒரு விசில். தூரத்திலேயே தெரியும்.

பேச்சு கிடையாது. கைகாட்டியிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆரஞ்சுச் சட்டையிடம் யாரும் எல்லோரும் வந்தாயிற்றா என்று கேட்பதில்லை. மழையிலும் காற்றிலும் மூச்சு வாங்க மிதித்து வருகிறவர்கள் நின்று பேசிக்கொண்டிருக்க முடியாது, அதற்காகத்தான் இந்த வழக்கமே. ஆனால் இதில் ஒரு விதி இருக்கிறது. வால் யாரையும் தாண்டக் கூடாது.

போன வருடம் டாக்டர்தான் வால்.

அன்றும் மழை. மலையடிவாரத்துக்கு வருவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் செயின் அறுந்துவிட்டது. டாக்டர் பக்கத்தில் நின்றிருக்கிறார். குளிரில் அவருக்குப் பல் அடித்துக்கொண்டதாம், பல் டாக்டருக்கே. இவன்தான் சொல்லியிருக்கிறான்: "நீங்க போங்க டாக்டர். இரும்பு வேலையை எங்கிட்ட விடுங்க. அஞ்சு நிமிஷத்துல வந்து ஒட்டிக்கறேன்." அவன் அப்படித்தான் சொல்வான். யாரையும் தனக்காகக் காக்க வைக்கத் தெரியாது அவனுக்கு. டாக்டர் போய்விட்டார்.

கொஞ்ச தூரத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் மேட்டு ரோடு, அதில்தான் தங்குமிடம். இடது பக்கம் பள்ளத்து ரோடு, அது ஓடையைக் கடக்கிற தரைப்பாலத்துக்குப் போகும். அந்த மூலையில் கைகாட்டியாக நின்றவள் ஒரு நர்ஸ், சின்னப் பெண். வெகுநேரமாக நனைந்துகொண்டு நின்றவள் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தாள். அப்பாடா என்று ஏறி அதன் பின்னாலேயே போய்விட்டாள். வழக்கம் அப்படி. மாப்பிள்ளை செயினை ஒட்டவைத்துக்கொண்டு வந்தபோது மூலையில் ஆள் இல்லை. களைத்தவன் எந்தப் பக்கம் போவான்? இறக்கத்தில்தான் போவான்.

தங்குமிடத்தில் எல்லோரும் உடை மாற்றி, சூடாக ஏதோ குடித்து, சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் ஒரு தட்டு மிஞ்சியது தெரிந்திருக்கிறது.

அடையாளம் காட்ட என்னைக் கூட்டிப் போனார்கள். முகத்தைத் தண்ணீர் மாற்றியிருந்தது. முன்கையில் தீப்பொறி பட்ட தழும்புகள் இருந்தன, பொட்டுப் பொட்டாக. அதை வைத்துத்தான் இவன்தான் என்றேன். உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி விபத்து என்று எழுதினார். டாக்டர் என் கண் முன்னாலேயே அவரிடம் சொன்னார்: "அவர்தான் சார் என்னைப் போகச் சொன்னார்."

அது பொய்யே இல்லை. பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். உண்மையைச் சொல்லித் தப்பிக்கிறவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நர்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சமையலறைத் தரையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தான்தான் அந்த மூலையில் நின்றது, தான்தான் கிளம்பியது. "ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்பா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். என் மகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் சொன்னேன், உன் மேல் தப்பு இல்லையம்மா, வழக்கம் அப்படி என்று. அதற்குப் பிறகு ஓய்வு நாள் என்றால் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அவள் வந்த பிறகுதான் என் மகள் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டரும் வந்தார். வாசலோடு நின்றார். மகள் உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அவர் போன பிறகு மகள் என்னிடம் சொன்னாள்:

"அவரும் பாவம்தான்பா. ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்லையாம்."

"தூங்காம என்ன பண்றாராம்?"

"மனசு ஆறணும்னு மறுபடி சைக்கிள் எடுத்திருக்காராம். டிரில் மாஸ்டர்தான் பிடிவாதமா இழுத்துட்டுப் போறாராம்."

மாப்பிள்ளையின் வண்டி எங்கள் வீட்டுப் பின்சுவரில் சாய்ந்து கிடந்தது. ஓடை மணல் இன்னும் அதன் குழாய்க்குள் இருந்தது, அசைத்தால் சரசரக்கும். அவருக்கு மனசு ஆற வேண்டுமாம். அந்த நிமிடம் வரை அவர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அவன் என்றே சொல்கிறேன். எழுதுகிறபோது நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். கொல்ல வேண்டும் என்று சேரவில்லை. அவன் எப்படி ஓட்டுகிறான் என்று பார்க்க நினைத்தேன், அவ்வளவுதான். இந்த வயதில் உங்களால் முடியுமா மாமா, அந்தப் பாதை உங்களுக்குக் கஷ்டமாக இருக்காதா என்று டிரில் மாஸ்டர் தயங்கினார். மாப்பிள்ளை முடிக்காத பயணத்தை நான் முடிக்க வேண்டும் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. கால் வலு எனக்குக் குறைவில்லை. மூட்டையோடு லாரிப் பலகை ஏறின கால்.

விடிகாலைகளில் அவர்களோடு ஓட்டிப் பழகினேன். அவன் எப்போதும் கடைசிக்குச் சற்று முன்னால்தான் வருவான், தலையைக் குனிந்துகொண்டு. யாரோடும் பேச மாட்டான். ஒரு நாள் டிரில் மாஸ்டர் ஏதோ சொல்ல அவன் சிரித்துவிட்டான். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். ஆனால் சிரித்தான். என் வீட்டில் அதுவரை யாரும் சிரிக்கவில்லை.

இந்த வருடப் பயணத்துக்கு யார் வால் என்ற பேச்சு வந்தபோது நர்ஸ் எழுந்து நின்றாள். இனிமேல் எல்லாப் பயணத்துக்கும் நான்தான் வால், யாரையும் விட்டுவிட்டு வர மாட்டேன் என்றாள். "நீ பொறந்ததுலேருந்தே வால்தானேம்மா" என்று டிரில் மாஸ்டர் சொல்ல, கனத்துப் போயிருந்த அறை கொஞ்சம் இளகியது. விசிலை அப்போதே கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

பயணத்தில் அந்த மூலையைத் தாண்ட வேண்டிய நாளும் மழையோடுதான் விடிந்தது. டிரில் மாஸ்டருக்குத் தயக்கம். ஒரு நாள் தங்கிப் போகலாமா என்று யோசித்தார். டாக்டரும் தங்கலாம் என்றான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மழைக்குப் பயப்பட வேண்டியது சிமென்ட் மூட்டைதான் டாக்டர் என்றேன். சிரித்தார்கள், கிளம்பினார்கள். நான் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். முடிவு அவர்களுடையது.

நடுவில் ஒரு கடையில் ஒதுங்கி டீ குடித்தோம். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டீயைக் குடிக்காமல் கோப்பையைப் பெஞ்சில் வைத்தான்.

"மாமா, அந்த இடம் வருது" என்றான். "எனக்குக் கால் ஓடல."

என் பையில் காய்ந்த துண்டு ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொன்னேன். கண்ணாடியையும் துடைத்துக்கொள்ளச் சொன்னேன், பாதை நன்றாகத் தெரிய வேண்டும் இல்லையா. நன்றி மாமா என்று திருப்பிக் கொடுத்தான். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் ஆத்திரத்தில் இருந்தேன் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. மிகவும் அமைதியாகத்தான் இருந்தேன்.

டீக்கடையை விட்டதும் வேகமாக மிதித்து ஒவ்வொருவராகத் தாண்டி டிரில் மாஸ்டரின் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டேன். அவருக்கு அடுத்து வருகிறவன்தானே கைகாட்டி. மூலை வந்தது. அவர் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். இங்கே நீங்கள் வேண்டாம், வேறு யாராவது நிற்கட்டும் என்றார். இங்கே நான்தான் நிற்க வேண்டும் என்றேன். தோளில் கை வைத்து அழுத்திவிட்டு மேட்டு ரோட்டில் ஏறிப் போனார்.

நான் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, போகிற திசையைப் பார்த்து நின்று வருகிறவர்களைத் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அங்கே வழிகாட்டிப் பலகை கிடையாது. ஒரு பழைய மைல்கல், அதன் மேல் ஓயாமல் விழுகிற மழை. மூலையில் நின்றாலே ஓடைச் சத்தம் கேட்கும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டால் அந்தச் சத்தம் மாறும். சலசலப்பு போய் ஓர் உறுமல் வரும். உறுமிக்கொண்டிருந்தது.

ஒவ்வொருவராக வந்தார்கள். வலது கையை நீட்டி மேட்டு ரோட்டைக் காட்டினேன். என்னைத் தாண்டும்போது எல்லோரும் கொஞ்சம் மெதுவானார்கள், தலையைத் தாழ்த்தினார்கள். ஒருவர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். மழையில் மனிதர்கள் சாலையைப் பார்ப்பதில்லை என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். கையைத்தான் பார்க்கிறார்கள்.

கடைசிக்கு முன்னால் அவன் வந்தான்.

வலது கையை மடக்கிக்கொண்டேன். இடது கையை நீட்டினேன்.

அவனுக்கு அந்த இடம் தெரியும். மேட்டு ரோடு எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வண்டியை மெதுவாக்கினான். என் கையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இடது பக்கம் திருப்பி இறக்கத்தில் இறங்கினான். பிரேக் பிடித்த சத்தம்கூட வரவில்லை.

பிறகு நர்ஸ் வந்தாள். அவளும் அந்தப் பக்கமே போனாள். வால் தாண்டிவிட்டால் கைகாட்டி கிளம்பலாம். நான் கிளம்பினேன்.

தங்குமிடத்தில் டிரில் மாஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தார். போன வருடத்துக்குப் பிறகு அவர் கேட்கப் பழகியிருந்தார்.

"வால் தாண்டியாச்சா மாமா?"

"தாண்டியாச்சு" என்றேன். அது உண்மை.

மற்றதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தரைப்பாலத்தின் நடுவில் தண்ணீர் அவனைத் தள்ளியிருக்கிறது. நர்ஸ் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே இறங்கியிருக்கிறாள். அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்து பாலத்து ஓரக் கல்லில் அவனைப் பிடித்துக்கொள்ள வைத்திருக்கிறாள். அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு பேரும் வந்து சேரவில்லை என்று தேடிப் போனவர்கள் அவனை உயிரோடு எடுத்தார்கள். அவளை ஆரஞ்சுச் சட்டையை வைத்துத் தேடினார்கள்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் அவனிடம் வாக்குமூலம் வாங்கியபோது நானும் இருந்தேன். அவன் என்ன சொன்னான் என்று ஞாபகம் இருக்கிறதா? "மாமா சரியாத்தான் காட்டினார் சார். எனக்குத்தான் கண்ணாடி நனைஞ்சு தெரியல." சொல்லும்போது உங்கள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூலையில் பார்த்த அதே பார்வை. நீங்கள் விபத்து என்று எழுதிக்கொண்டீர்கள். வெளியே வந்து, உங்களுக்கு அடி மேல் அடி பெரியவரே என்று என் முதுகில் தட்டிக் கொடுத்தீர்கள்.

முடிந்துபோன வழக்குக்கு நீயே நடந்து வந்து ஏன் இதைச் சொல்கிறாய் என்று கேட்டீர்கள். மனசாட்சி குத்தியது என்று நினைக்கிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை.

என் மகள் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். "எவ்வளவு நல்ல மனுஷன்பா, யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லல" என்றாள். டிரில் மாஸ்டர் சொல்கிறார், பாவம் அவரும் தண்ணீரில் கிடந்து பார்த்துவிட்டார் என்று. எல்லோரும் அவனுக்குக் கணக்கை நேர் செய்துவிட்டார்கள். அவனும் தனக்குள் நேர் செய்துகொண்டான். தெரிந்தே இறங்கினான், தண்டனையைத் தானே எடுத்துக்கொண்டான், மேலே எனக்கு ஒரு மன்னிப்பையும் போட்டுவிட்டான், வாசலில் நிற்கிறவனுக்குப் பிச்சை போடுகிற மாதிரி. நான் கொடுத்த தண்டனை எங்கே போயிற்று? மழை செய்தது என்றாகிவிட்டது. ஈரக் கண்ணாடி செய்தது என்றாகிவிட்டது. செய்தவன் பெயர் இல்லாவிட்டால் அது பழிவாங்கியது ஆகாது, வெறும் விபத்து. என் மாப்பிள்ளைக்கும் உங்கள் ஆள் அதைத்தான் எழுதினார்.

ஆகவே எழுதுங்கள். நான் சுயநினைவோடு, வேண்டுமென்றே, இடது கையை நீட்டினேன். அவன் சாக வேண்டும் என்று நீட்டினேன். இதை அவன் படுக்கையருகே நின்று அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும், என் மகளும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். இனி அவன் பொய் செல்லாது. என்னை மன்னிக்க அவனுக்கு என்ன உரிமை?

நர்ஸைப் பற்றி மறுபடி கேட்கிறீர்கள். சொன்னேனே, அவள் வந்தாள், போனாள். சரி. உங்களுக்கு அது போதாது என்று தெரிகிறது.

அவள் நின்றாள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவனுடைய பின்விளக்கு இறக்கத்தில் சிவப்பாகத் தெரிந்துகொண்டிருந்தது. "அப்பா, டாக்டர் ஏன் அந்தப் பக்கம் போறார்?" என்று கேட்டுக்கொண்டே விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள். ஊதியிருந்தால் அவன் நின்றிருப்பான். விசில் கேட்டால் எல்லோரும் நிற்க வேண்டும். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அழுத்திப் பிடிக்கவில்லை.

"ஊதாதம்மா, பதறிக் கீழ விழுந்துடுவார். நான் கூப்பிட்டேன், காதுல விழல. நீ வேகமாப் போய்க் கூட்டிட்டு வந்துடு."

ஓடைப் பக்கம் பார்த்தாள். "தண்ணி எவ்வளவுபா இருக்கும்?"

"கணுக்கால்தான்" என்றேன். டாக்டர் கேட்டால் சொல்வதற்கென்று வைத்திருந்த பதில் அது. அவன் கேட்கவில்லை. அவள் கேட்டாள்.

இதில் என் தவறு என்ன என்று எனக்குப் புரியவில்லை. அவள் வால். கடைசி ஆளின் பின்னால் போவது அவள் வேலை. நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? போன வருடம் அதே மைல்கல் பக்கத்தில் அவள்தான் நின்றாள் என்பது அந்த நேரத்தில் என் நினைவிலேயே இல்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னேன், எழுதினீர்களா? நல்ல பெண். சொன்னால் கேட்பாள்.